தரைக்குக் கீழே போகிற குழாய்

கரமனை, திருவனந்தபுரம்

வேனை வீடாக்கித் தரும் பட்டறைத் தோழர்களுக்கு,



கரூரில் பஸ் பாடி கட்டிக் கை பழகியவர்கள், கோவையில் டிராவலருக்கு சீட்டும் சீலிங்கும் தைத்தவர்கள், இங்கே கிள்ளிப்பாலத்திலும் பாப்பனங்கோட்டிலும் ஏசி, வயரிங் வேலை பார்த்தவர்கள் என்று பல பேர் இன்றைக்கு ஒரே தொழிலுக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். கட்டில், சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, கூரையில் சோலார் தகடு எல்லாம் வைத்து ஒரு டிராவலரை வீடாக்கித் தருகிறோம். கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. அடுத்த ஆண்டு வாகமணில் முதல் கேரவன் பார்க் திறந்தது. அதற்குப் பிறகு வாடகைக்கு விடுகிறவர்கள் மட்டுமில்லாமல், குடும்பத்தோடு லடாக் வரை ஓட்டிப் போய்வர ஆசைப்படுகிறவர்களும் நம் வாசலுக்கு வருகிறார்கள். அவர்கள் கேட்கும் சாமான்களில் டீசல் ஹீட்டரும் ஒன்று.

அந்த ஹீட்டரைப் பற்றித்தான் இந்த மடல். அது எரியக் காற்று எங்கிருந்து வருகிறது, எரிந்த புகை எங்கே போகிறது, வண்டிக்குள் சுற்றும் சூட்டுக்காற்று எந்த வழியாக வந்து எந்த வழியாகத் திரும்புகிறது, இவை மூன்றும் எங்கேயாவது ஒன்றோடொன்று கலக்கின்றனவா என்பதைப் பற்றி உங்களோடு பேச வேண்டும்.

நம் ஊர்ப் பட்டறைகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கரமனையில் மார்கழி விடியற்காலையிலும் ஃபேன் இல்லாமல் தூக்கம் வராது. நாம் பூட்டுகிற ஹீட்டரை வைத்து நாம் ஒரு ராத்திரியாவது தூங்கிப் பார்த்ததில்லை. முற்றத்தில் வண்டியை நிறுத்தி, கதவெல்லாம் திறந்து போட்டு, பத்து நிமிடம் ஓட விட்டு, கிரில்லில் கை வைத்துச் சூடாக வருகிறதென்று பார்த்துச் சாவியைக் கொடுத்துவிடுகிறோம். ஏசியில் பிழை இருந்தால் வாடிக்கையாளர் பாறசாலை தாண்டுவதற்குள் போன் வந்துவிடும். ஹீட்டரில் பிழை இருந்தால் அது வெளியே தெரிவது மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், கதவு ஜன்னல் எல்லாம் மூடி, உள்ளே இருப்பவர்கள் உறங்கிய பிறகு. அப்போது அவர்களால் நமக்குப் போன் செய்ய முடியாமலும் போகலாம்.

கார்பன் மோனாக்சைடு பற்றி நமக்குத் தெரியாததில்லை. ஆனால் அது குளிர்நாட்டுக்காரர்களின் கவலை என்ற எண்ணம் நம்மிடையே ஊறிக் கிடக்கிறது. அதை முதலில் கழற்றிப் போட வேண்டும். 2020 ஜனவரி 21 அன்று நேபாளத்தில் தாமன் என்ற மலையூர் விடுதியில் கேரளத்திலிருந்து சுற்றுலா போய் ஒரே அறையில் தங்கிய எட்டுப் பேர் உயிரிழந்தார்கள். பெரியவர்கள் நான்கு, குழந்தைகள் நான்கு. அவர்களில் ஐந்து பேர் நம் திருவனந்தபுரத்துக் குடும்பம். குளிர் தாங்காமல் அறைக்குள் கேஸ் ஹீட்டரைப் போட்டு, கதவையும் ஜன்னலையும் சாத்திப் படுத்திருந்தார்கள். கொடைக்கானலில் 2024 ஆகஸ்டில் பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கிய இளைஞர்கள் இருவர் எழவில்லை.

இவை இரண்டும் கட்டடத்தில் நடந்தவை. 2024 டிசம்பரில் நடந்தது வண்டிக்குள். வடகரை பக்கம் கரிம்பனப்பாலத்தில் தேசிய நெடுஞ்சாலை ஓரம் நின்றிருந்த கேரவனில் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். அங்கே குளிரும் இல்லை, ஹீட்டரும் இல்லை. ஏசி ஓடுவதற்காக ஜெனரேட்டரை ஓட விட்டுக் கதவை மூடியிருந்தார்கள். பிறகு கோழிக்கோடு என்ஐடி நிபுணர்கள் அதே வண்டியை வைத்துச் சோதித்தபோது, ஜெனரேட்டர் புகை தரையிலிருந்த ஓட்டை வழியாக உள்ளே ஏறியது தெரிந்தது. இரண்டு மணி நேரத்தில் உள்ளே கார்பன் மோனாக்சைடு 900 பிபிஎம்மைத் தாண்டியது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனம் எந்த நேரத்திலும் மீறக்கூடாதென்று வைத்திருக்கும் உச்சவரம்பு 200.

தரையில் ஓர் ஓட்டை. நம் தொழிலில் அன்றாடம் போடுகிற ஓட்டை. வயர் போக ஒன்று, தண்ணீர் வடிய ஒன்று, கேஸ் குழாய்க்கு ஒன்று. ஹீட்டர் வைத்தால் இன்னும் பெரிதாக ஒன்று. வடகரைச் செய்தியைப் படித்தவர்கள் ஜெனரேட்டரைக் குறை சொன்னார்கள். நான் அந்த ஓட்டையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். புகை கக்காத ஜெனரேட்டர் கிடையாது. புகையை உள்ளே விடாத தரை நம் கையில் இருக்கிறது.

இனி ஹீட்டருக்கு வருவோம். வெபாஸ்டோ, எபர்ஸ்பேச்சர் போன்ற ஜெர்மன் கம்பெனிகளின் டீசல் ஹீட்டரும், அவற்றைப் பார்த்துச் சீனத்தில் செய்து வருவதும் ஒரே வேலைமுறைதான். உள்ளே இரண்டு காற்றுப் பாதைகள். ஒன்று எரிவதற்கான பாதை: சின்ன விசிறி வெளிக்காற்றை இழுக்கும், டீசல் பம்ப் டிக் டிக்கென்று சொட்டுச் சொட்டாக எண்ணெய் தள்ளும், ஹீட்டர் பிளக் அதைப் பற்ற வைக்கும், புகை வெளியே போகும். இன்னொன்று நாம் குளிர் காயும் காற்றின் பாதை: பெரிய விசிறி வண்டிக்குள் இருக்கும் காற்றை இழுத்து, அலுமினிய வார்ப்பின் துடுப்புகள் மேல் ஓட்டி, சூடாக்கி, டக்ட்டில் தள்ளும். நடுவில் நிற்பது அந்த வார்ப்புச் சுவர் மட்டுமே. கம்பெனிக்காரன் அந்தச் சுவரைப் பார்த்துப் பார்த்துச் செய்து கொடுத்திருக்கிறான். அவன் பிரித்து வைத்த இரண்டு காற்றையும் நம் பட்டறையில் சேர்த்துவிடக் கூடாது. இந்த மடல் முழுவதிலும் நான் சொல்ல வருவது அவ்வளவுதான்.

ஆனால் சேர்த்துவிடுகிறோம். அதுவும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். வாடிக்கையாளர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தால் தெரிவது சூட்டுக்காற்று வருகிற கிரில். அதற்கு நல்ல கருப்பு லூவர் போடுகிறோம், திருப்பினால் மூடும்படி வைக்கிறோம், மரப் பலகையில் வட்டமாக அழகாக வெட்டிப் பதிக்கிறோம். எரிவதற்கான காற்றுக்குழாய், அதாவது இன்டேக், தரைக்குக் கீழே போவதால் அதை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அதனால் அதற்கு நேரமும் கொடுப்பதில்லை.

ஒரு வண்டியைச் சொல்கிறேன். வேறு ஊரில் கட்டியது. யார் கட்டினார்கள் என்பது இங்கே முக்கியமில்லை. பேட்டரி மாற்ற வந்தவர், ஹீட்டர் போட்டால் கண் எரிகிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். கட்டில் பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். புகைக்குழாய் மட்டும் தரையைத் துளைத்துக் கீழே போயிருந்தது. இன்டேக் குழாயை மடக்கி, போர்வை வைக்கிற அதே பெட்டிக்குள் விட்டிருந்தார்கள். இன்னொரு ஓட்டை போடும் வேலை மிச்சம். ஹீட்டரின் அடித்தட்டு இரும்புத் தரையில் உட்காரவில்லை, மேலே விரித்த பிளைவுட்டில் உட்கார்ந்திருந்தது. கேஸ்கெட் ஒரு பக்கம் அழுந்தி, மறுபக்கம் விரல் நகம் நுழைகிற அளவுக்கு இடைவெளி. புகைக்குழாய் ஹீட்டரோடு சேரும் கழுத்தில் கிளாம்ப் இருந்தது, இறுக்கம் இல்லை. கிளாம்பைச் சுற்றி மை தடவியது மாதிரி ஒரு கரி வளையம். கரி இருக்கிற இடத்தில் புகை கசிந்திருக்கிறது, அதற்கு மேல் சாட்சி வேண்டாம். அந்தக் கழுத்து இருந்தது கட்டிலுக்கு அடியில், தரைக்கு மேலே.

இந்த ஒரு வண்டியிலேயே பாதிப் பாடம் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இன்டேக் ஏன் உள்ளே இருக்கக் கூடாது? உள்ளே இருந்தால் ஹீட்டர் நாம் மூச்சு விடுகிற காற்றை எடுத்து எரிக்கும். சின்ன வேன், மூடிய கதவு. உள்ளே காற்றழுத்தம் குறைய, குறைந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று தரை ஓட்டைகள் வழியாக ஏறும். தரைக்குக் கீழே இருக்கும் காற்று எது? ஹீட்டரின் புகை கலந்த காற்று. அது போதாதென்று, அணைக்கும்போதோ சரியாகப் பற்றாதபோதோ எரிகலத்தில் மிச்சமிருக்கும் புகை, இன்டேக் வழியாகவே திரும்பி வரும். அதைக் கட்டில் பெட்டிக்குள் விட்டால் நேராகத் தலையணைக்குப் போகிறது. கம்பெனிகளின் கையேடுகள் இன்டேக்கை உள்ளே விட அனுமதிப்பதில்லை.

அடித்தட்டு இரும்பில்தான் உட்கார வேண்டும். டிராவலரின் தரைத்தகடு வரிவரியாக மேடு பள்ளமாக இருக்கும், கேஸ்கெட் அதில் சமமாக அழுந்தாது. பிளைவுட்டைத் தேவையான அளவு வெட்டி எடுத்துவிட்டு, தகட்டில் பெரிய ஓட்டை போட்டு, தனி இரும்புத் தட்டு ஒன்றைப் பூட்டி, அதன் மேல் ஹீட்டரை வையுங்கள். கழுத்துள்ள தட்டாகவே கடையில் கிடைக்கிறது. புகைக்குழாய், இன்டேக், டீசல் குழாய் மூன்றும் அந்தத் தட்டு வழியாகத்தான் போக வேண்டும். புகைக்குழாயில் ஒரு இணைப்புக்கூட வண்டிக்குள் இருக்கக் கூடாது. மரம் வெயிலில் சுருங்கும், மழையில் ஊதும், அதை நம்பி ஒரு புகை வழியை அடைக்க முடியாது. வெட்டிய விளிம்பில் ப்ரைமர் அடிக்க மறக்காதீர்கள். நம் கடற்கரைக் காற்றில் வெட்டிய தகடு ஒரு மழைக்காலத்தில் துருவேறி, ஓட்டை தானே பெரிதாகிவிடும்.

தரைக்குக் கீழே வந்த பிறகும் வேலை பாதிதான். புகைக்குழாய் வண்டியின் வயிற்றுக்கு அடியிலேயே முடிந்தால், காற்று அசையாத ராத்திரியில் புகை அங்கேயே தேங்கும். வண்டி விளிம்பு வரை கொண்டு வந்து, கீழ்நோக்கியோ பின்நோக்கியோ விடுங்கள். கதவுக்கும் ஜன்னலுக்கும் நேர் கீழே வரக் கூடாது. தரையில் காற்றுக்கென்று துளை விட்டிருந்தால் அதன் பக்கத்திலும் கூடாது. இன்டேக்கின் வாய் புகைக்குழாயின் வாயிலிருந்து தள்ளி, முடிந்தால் சேஸிஸ் சட்டத்துக்கு மறுபக்கம் இருக்கட்டும். ஹீட்டர் தன் புகையையே இழுத்தால் சுடர் திணறும், கரி பிடிக்கும், மோனாக்சைடு கூடும். இரண்டு வாயும் வண்டி ஓடுகிற திசையைப் பார்க்கக் கூடாது. எதிர்க்காற்று சுடரை அணைத்துவிடும். சக்கரம் வாரியடிக்கும் சேறும் படக் கூடாது. மணாலி லே சாலையில் பனி உருகி ஓடும் ஓடைகளில் வண்டி இறங்கி ஏற வேண்டியிருக்கும், குழாய் தொங்கினால் தண்ணீர் தேங்கி அடைத்துக்கொள்ளும். அதனால் வாட்டம் எப்போதும் வெளிப்பக்கம் இருக்கட்டும். தாழ்ந்த இடம் தவிர்க்க முடியாமல் வந்தால் அங்கே தண்ணீர் சொட்ட ஒரு சிறு துளை வேண்டும்.

சைலன்சர் விஷயத்தில் கவனம் தேவை. விலை குறைந்த செட்டுகளோடு வருகிற சைலன்சரில் மடிப்பு ஓரங்கள் கசியும், தண்ணீர் வடியும் துளையும் இருக்கும். அது வண்டிக்கு வெளியேதான் இருக்க வேண்டும், எந்தப் பெட்டிக்குள்ளும் அல்ல. புகைக்குழாய் நூற்றுக்கணக்கான டிகிரி சூடாகும். பிரேக் ஹோஸ், டீசல் டியூப், வயர் கட்டு எதுவும் அதைத் தொட்டுக்கொண்டு போகக் கூடாது. சூடு தாங்கும் நாடாவைச் சுற்றி, சட்டத்தில் கிளிப் போட்டு நிறுத்துங்கள். திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் கிடைக்கிற சாதாரண ஹோஸ் கிளிப் தண்ணீர்க் குழாய்க்குப் போதும், புகைக்குழாய்க்குப் போதாது. சூட்டில் விரிந்து சுருங்கிச் சில மாதத்தில் தளர்ந்துவிடும். சுற்றிப் பிடிக்கிற கனமான ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் வாங்குங்கள், சூடு தாங்கும் பசையோடு போடுங்கள்.

இதையெல்லாம் செய்த பிறகு ஒரு சோதனை. மேலே சொன்ன வேலைகளுக்கெல்லாம் கையேட்டில் படம் இருக்கிறது, இந்தச் சோதனைக்குப் படம் இல்லை. நிறைய வண்டிகளில் கூரையில் ஃபேன் வைக்கிறோம். அது உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளும். ஜன்னல் எல்லாம் மூடி அந்த ஃபேனை மட்டும் ஓட்டினால், வண்டி தன் எல்லா ஓட்டைகள் வழியாகவும் காற்றை உறிஞ்சும். அப்போது ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தித் தரையோரமாக மெதுவாக நகர்த்திப் பாருங்கள். ஓட்டை இல்லாத இடத்தில் புகை நேராக ஏறும். ஓட்டை இருக்கிற இடத்தில் வெளிக்காற்று புகையை உள்பக்கம் தள்ளிச் சாய்க்கும். வயர் போகிற கிராமெட்டில் சாயும், சிங்க் வடிகுழாயில் சாயும், கியர் லீவர் பூட்டில், பின்கதவு ரப்பரில், சக்கர மேட்டின் வெல்டிங் விட்டுப்போன இடத்தில் சாயும். ஹீட்டர் தட்டின் ஓரத்தில் சாய்ந்தால் அந்த வண்டியை வெளியே விடாதீர்கள். கொஞ்ச நேர வேலைதான். வடகரையில் புகை ஏறிய ஓட்டை போன்ற ஒன்று இந்தச் சோதனைக்குத் தப்பாது. ஃபேன் ஓடும்போது எங்காவது நல்ல காற்று நுழைய வேண்டுமே என்று கேட்பீர்கள். ஆமாம், வேண்டும். அதற்கு ஜன்னலைச் சற்றுத் திறந்து வைக்கச் சொல்லுங்கள், அல்லது புகைக்குழாய்க்கு எதிர்ப்பக்கச் சுவரில் உயரமாக ஒரு வென்ட் வையுங்கள். வழி நாம் வைத்ததாக இருக்க வேண்டும், தானாக அமைந்ததாக இருக்கக் கூடாது.

சூட்டுக்காற்றின் டக்ட்டில் உயிராபத்து குறைவு, தொல்லை அதிகம். ஹீட்டர் அடிக்கடி தானாக நின்றுவிடுகிறது என்று வருகிற புகார்களில் நான் பார்த்தவற்றுக்கு டீசலோ பம்ப்போ காரணமில்லை, டக்ட்தான் காரணம். 2 கிலோவாட் ஹீட்டருக்குப் பொதுவாக 60 மில்லிமீட்டர் டக்ட். பெரியவற்றுக்கு 75 அல்லது 90. கையில் 60 இருக்கிறதே என்று 75 வாயில் ரெட்யூசர் போட்டு 60ஐச் சொருகுகிறோம். 75 மில்லிமீட்டர் வாயின் பரப்பு 44 சதுர சென்டிமீட்டர், 60இன் பரப்பு 28தான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வழியை அடைத்துவிட்டோம். சூடு வெளியேற முடியாமல் உள்ளேயே ஏறும், ஓவர்ஹீட் சென்சர் தீயை நிறுத்தும். நள்ளிரவில், மைனஸ் பத்தில், குழந்தையோடு இருக்கிறவருக்கு அது சின்னத் தொல்லை அல்ல.

அதே காரணத்தால், மூட முடியாத ஒரு கிரில்லாவது எல்லா வண்டியிலும் இருக்க வேண்டும். முதல் கிரில் ஹீட்டரிலிருந்து வெகு தொலைவில் வேண்டாம். வளைவுகளைக் குறையுங்கள், வளைக்க வேண்டியிருந்தால் அகலமாக வளையுங்கள். ஒய் பிரிப்பானில் காற்று நேரே போகிற பக்கத்துக்குத்தான் முதலில் ஓடும். பின்கட்டிலுக்குச் சூடு வரவில்லை என்றால் ஹீட்டரைக் குறை சொல்லாமல் பிரிப்பானைத் திருப்பி வைத்துப் பாருங்கள். ஹீட்டர் வாயருகே காற்று நூறு டிகிரியையும் தாண்டும். அந்த இடத்தில் பிளாஸ்டிக் டக்ட்டோ ஃபோமோ படக் கூடாது.

இனி திரும்பும் காற்று. இதுதான் டக்ட் வேலையில் எல்லோரும் மறப்பது. ஹீட்டரைக் கட்டில் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை அழகாக மூடிவிட்டால், அது எந்தக் காற்றை இழுக்கும்? பெட்டிக்குள் இருக்கும் சூடான காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துத் தானே கொதித்து நிற்கும். சூட்டுக்காற்று வருகிற வாயை விடப் பெரிய துளை பெட்டிச் சுவரில் வேண்டும். கம்பி வலை போட்டால் வலையே கொஞ்சம் வழியை அடைக்கும் என்பதால் அதை விடவும் பெரிதாக. போர்வையும் ஷூவும் அதை மறைக்காதபடி ஒரு மரச்சட்டத் தடுப்பும் வையுங்கள். சூட்டுக்காற்று வரும் கிரில்லும் திரும்பும் துளையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், சூடு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும், வண்டியின் மறுமுனை ஜில்லென்றே கிடக்கும்.

சிலர் இந்தத் திரும்பும் காற்றை வெளியிலிருந்தே எடுக்கச் சொல்வார்கள், உள்ளே ஈரம் தங்காது என்பதற்காக. அதில் உண்மை இருக்கிறது, நாலு பேர் மூடிய வேனில் மூச்சு விட்டால் காலையில் கண்ணாடியெல்லாம் தண்ணீர். ஆனால் வெளியே மைனஸ் பத்தாக இருக்கும்போது அந்தக் காற்றைச் சூடாக்க டீசல் அதிகம் ஆகும். அதோடு, அந்தத் துளையைத் தரைக்குக் கீழே வைத்தால் நாம் இவ்வளவு நேரம் தவிர்க்கப் பார்த்த புகையை நாமே ஃபேன் வைத்து இழுத்துக்கொள்கிறோம். என் தீர்ப்பு: ஹீட்டர் உள்காற்றையே சுற்றட்டும், ஈரத்துக்கு வென்ட்டைத் திறந்து வைப்போம். இஞ்சின் அறைப் பக்கத்திலிருந்து காற்று எடுப்பதை நினைக்கவே வேண்டாம்.

உயரத்தைப் பற்றி நாம் இங்கே கடல் மட்டத்தில் உட்கார்ந்துகொண்டு யோசிப்பதில்லை. மூணாறு 1,500 மீட்டர்போல, ஊட்டி 2,240 மீட்டர், லே 3,500 மீட்டர். லேயில் காற்றழுத்தம் நம் ஊரின் மூன்றில் இரண்டு பங்கு. பம்ப் தள்ளும் டீசல் குறையாமல் இருக்க, எரிக்கிற காற்று மட்டும் குறைந்தால், கரியும் மோனாக்சைடும் கூடும். கம்பெனிகள் 1,500 அல்லது 2,200 மீட்டர் என்று ஒரு எல்லை சொல்லி, அதற்கு மேல் அதிக நேரம் ஓட்ட உயரத்துக்கான கிட் கேட்கின்றன. வண்டி எங்கே போகிறதென்று முதல் நாளே கேளுங்கள். லே, ஸ்பிதி என்றால் காற்றழுத்தம் பார்த்துத் தானே டீசலைக் குறைக்கும் மாடலைத்தான் பூட்டுங்கள். ராத்திரி முழுதும் மெல்லிய சுடரில் வைத்தால் கரி சீக்கிரம் படியும், தினம் சற்று நேரம் முழு வேகத்தில் ஓட விட்டால் அது எரிந்து போகும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

சுவிட்ச் விஷயம் ஒன்று. அணைத்த பிறகும் ஹீட்டர் சில நிமிடம் ஃபேனை ஓட்டித் தன்னைக் குளிர்த்திக்கொள்ளும். மெயின் சுவிட்சை வெடுக்கென்று அணைத்தால் அது நடக்காது, உள்ளே சூடு தேங்கி வார்ப்பும் சீலும் கெடும். அந்த வார்ப்புதான் புகையையும் நம் மூச்சையும் பிரித்து நிற்கிறது. அதனால் ஹீட்டரின் வயரை மெயின் சுவிட்சுக்கு முன்னாலேயே, தனி ஃபியூஸோடு எடுங்கள்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாத வண்டியை வெளியே விடக் கூடாது என்று நாம் நமக்குள்ளேயே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் பிராணவாயு ஒட்டுகிற இடத்தில் அது இருநூறு மடங்குக்கு மேல் பற்றோடு ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி என்று தொடங்கும். மலை ஏறியதால் வருகிற தலைவலியும் அப்படியேதான் இருக்கும் என்பதால் லேயில் யாருக்கும் சந்தேகமே வராது. அலாரம் ஒன்றுதான் இரண்டையும் பிரித்துச் சொல்லும். ஐரோப்பாவில் கேரவன், படகு ஆகியவற்றுக்கென்று ஈஎன் 50291-2 என்ற தரம் இருக்கிறது. அந்த எண் அச்சிட்டதாகப் பார்த்து வாங்குங்கள். 50 பிபிஎம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் கத்தும், 300 வந்தால் மூன்று நிமிடத்துக்குள் கத்தும். புகை அலாரம் வேறு, இது வேறு. கட்டிலில் தலை வைக்கும் பக்கம், மூச்சு மட்டத்தில், வென்ட்டுக்கும் கிரில்லுக்கும் நேராக இல்லாமல் மாட்டுங்கள். அதன் பின்னால் காலாவதி வருடம் இருக்கும், அதை வாடிக்கையாளரிடம் காட்டுங்கள். விலை அதிகம் என்று சொல்பவரிடம், கருப்பு லூவரில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பாருங்கள்.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து போன வழக்கில்தான், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. மோட்டார் கேரவனுக்கென்று ஏஐஎஸ் 124 என்ற தரமும் நாட்டில் இருக்கிறது. ஆனால் பல பட்டறைகள் அந்தத் தரத்தின்படி ஒப்புதல் வாங்கப் பயந்து, டெஸ்டுக்குப் போகும்போது ஹீட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, வந்ததும் திரும்ப மாட்டுகின்றன. கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் அந்த கேஸ்கெட் ஒரு பங்கு கெடுகிறது, கிளாம்ப் ஒரு சுற்றுத் தளர்கிறது. இதை விட, செய்த வேலையைப் பார்க்க மூன்றாவது மனிதர் ஒருவரும் இல்லாமல் போகிறார் என்பது பெரிய நஷ்டம். ஆர்.டி.ஓ. பார்க்காவிட்டால், நாமாவது ஒருவர் வேலையை ஒருவர் பார்ப்போம். பக்கத்துப் பட்டறைக்காரரைக் கூப்பிட்டு, குனிந்து பார்க்கச் சொல்லி, ஊதுபத்தியை அவர் கையில் கொடுங்கள். தன் வேலையில் தன் கண்ணுக்குப் படாதது அவர் கண்ணுக்குப் படும். இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை. பாடி கட்டுகிற இடங்களில் வெல்டிங்கை மேஸ்திரி தட்டிப் பார்க்காமல் பெயிண்ட் அடிக்க விடுவதில்லையே.

வண்டி கொடுக்கும்போது வாடிக்கையாளரையும் ஒரு முறை படுக்க வைத்துத் தரைக்குக் கீழே காட்டுங்கள். இது காற்று நுழையும் வாய், இது புகை வரும் வாய், பனி விழுந்த காலையில் இரண்டையும் கையால் துடைத்துவிட்டுத்தான் ஹீட்டர் போட வேண்டும், பெட்ரோல் பங்க்குக்குள் நுழையும் முன்பே அணைத்துவிட வேண்டும், மூடிய ஷெட்டுக்குள் போடவே கூடாது என்று அவர் வீட்டாரும் கேட்கும்படி சொல்லுங்கள். வண்டிக்குள் அடுப்பையோ ஜெனரேட்டரையோ குளிர் காயும் சாதனமாக நினைக்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். தாமனில் போனவர்களிடமும் கொடைக்கானலில் போனவர்களிடமும் இதை யாரும் முன்னால் சொல்லியிருக்க வாய்ப்பில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இதுவரை ஹீட்டர் பூட்டிக் கொடுத்த வண்டிகளின் பெயரும் போன் நம்பரும் நம் எல்லோருடைய நோட்டிலும் இருக்கும். பள்ளி விடுமுறை தொடங்கும்போது இந்த வண்டிகள் வடக்கே புறப்பட ஆரம்பிக்கும், மணாலி லே சாலையில் பனி வாரி முடிக்கும்போது அவை அந்தச் சாலையின் அடிவாரத்தில் நிற்கும். அதற்கு முன்னால், மார்ச் மாதத்துக்குள், ஒவ்வொருவரையும் கூப்பிடுங்கள். இன்டேக் எங்கே முடிகிறது, அடித்தட்டு எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது, கிளாம்பைச் சுற்றிக் கரி இருக்கிறதா, அலாரம் இருக்கிறதா என்று பாருங்கள். காசு வாங்காமல் பாருங்கள். நீங்கள் பூட்டாத வண்டி வந்தாலும் பார்த்துக் கொடுங்கள். கழுத்துத் தட்டோ, சரியான கிளாம்போ, கேஸ்கெட்டோ கிடைக்காதவர்கள் கரமனைக்கு ஆள் அனுப்புங்கள், என் கடையில் இருப்பதை வாங்கிய விலைக்கே தருகிறேன்.

அன்புடன்,
கரமனையிலிருந்து உங்களில் ஒருவன்